கொட்டாஞ்சேனை விவசாயி

கொட்டாஞ்சேனையில் நெல் விளையாது. விளைவதெல்லாம் மாடி வீடும் வாடகைச் சண்டையும் அடுத்த வீட்டுப் பேச்சும்தான். அப்படியிருந்தும் மாதா சிலை நிற்கும் சுருவக் கூட்டு ஒழுங்கையில் அரசாங்கத்திடம் உர மானியம் வாங்குகிற விவசாயி ஒருவர் இருந்தார். பெயர் ஹியூபேட். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மட்டக்குளிப் பக்கம் வெள்ளம் ஏறிய காலத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனாரே, சேற்றில் அவர் கால் பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

வயல் அவருடையதல்ல. மனைவி நேசத்துக்கு மன்னாரில், நானாட்டான் பக்கம், தாய் தகப்பன் எழுதிக் கொடுத்த சீதனம். கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்த நாளிலிருந்து நேசம் அந்த வரம்பில் ஏறவில்லை. உழுவது, விதைப்பது, பன்றிக்குக் காவல் கிடப்பது எல்லாம் அவளுடைய தம்பி பேர்னாட். ஒவ்வொரு போகமும் குத்தகைக்கு ஈடாக அரிசி மூட்டைகளை மீன் லொறியில் ஏற்றி அனுப்புவான். சோற்றில் லேசாக நெத்தலி மணக்கும். "மன்னார் அரிசியெண்டா அப்பிடித்தான்" என்று ஹியூபேட் ஒழுங்கைக்கெல்லாம் பெருமை சொல்வார்.

அரசாங்கம் மானியத்தை வங்கியில் போடத் தொடங்கிய பிறகுதான் ஹியூபேட்டுக்குள் உறங்கிக் கிடந்த விவசாயி கண் விழித்தார். மானியம் வயல் செய்கிறவனுக்குத்தான். ஆனால் கமநல நிலையத்துப் பதிவில், வயல் செய்கிறவர் என்ற இடத்தில், காணிக்காரி நேசத்தின் பெயரே இருந்தது. காசு விழுவது நேசத்தின் கணக்கில். கார்ட் கிடப்பது ஹியூபேட்டின் சட்டைப் பையில். பேர்னாட் தன் பெயரைக் குத்தகைக்காரன் என்று பதியச் சொல்லிக் கேட்டபோதெல்லாம், "அடுத்த போகம் பாப்பம் மச்சான்" என்பார். அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார். குத்தகைக்காரன் என்று ஒருமுறை பதிந்துவிட்டால் பிறகு அவனை வயலிலிருந்து எழுப்புவது லேசில்லை. அந்த வயலையோ அவர் மகள் டெனிஷாவுக்குப் பேசியிருக்கும் வெள்ளவத்தை மாப்பிள்ளை வீட்டாரிடம் வாயால் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அவர்கள் அதை விற்று ஃபிளாட் வாங்க இருந்தார்கள்.

நேசத்துக்கு இதெல்லாம் தெரியாதென்று சொன்னால் மாதாவே சிரிப்பாள். காசு விழுந்த அன்று ஹியூபேட் பெரிய பாரை மீனோடு வருவார். அவள் விலை கேட்காமல் வெட்டுவாள். பேர்னாட்டும் துருவிக் கேட்பதில்லை. தமக்கையின் புருஷனிடம் கணக்குக் கேட்டால் அதோடு தமக்கை வீட்டு வாசல் போயிற்று என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். "காசு விழுந்திட்டுதோ அத்தான்?" என்று கேட்பான். "இல்லை மச்சான்" என்றால் தலையாட்டிவிட்டுப் போவான்.

ஒழுங்கை மாதாவின் திருநாளன்று காலையில் பேர்னாட் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான். நல்ல மழை, பயிர் நன்றாகக் கிளம்பியிருந்தது. இந்தக் கிழமைக்குள் யூரியா போடாவிட்டால் எல்லாம் மஞ்சள் பிடித்துவிடும். உரக் கடைக்காரன் பழைய கடனைச் சொல்லிக் கையை விரித்துவிட்டான். போன போகம் பன்றி தின்றது போக வீட்டுக்கு மிஞ்சியது வைக்கோல்தான். இந்தப் போகமும் போனால் உழவுக் கடனுக்கு டிராக்டர்க்காரன் வந்து வீட்டுக் கூரையைக் கழற்றுவான். இதையெல்லாம் அவன் நேசத்திடம் குசினிக்குள் நின்று, சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

"அத்தானைக் கேளுங்கோவன் அக்கா. நான் கேட்டா முகம் கோணும்."

நேசம் கறிக்கு உப்புப் போட்டாள். போட்டதை மறந்து இன்னொரு தரமும் போட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டில் அவனே கேட்டான்.

"அத்தான், காசு..."

"அரசாங்கத்தை உனக்குத் தெரியாதே மச்சான்? இன்னும் விழேல்லை." ஹியூபேட் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "கறி என்னடியப்பா, கடலைக் கொண்டுவந்து ஊத்தினியா? மச்சான், நீ இரா முழுக்க பஸ்ஸில வந்த ஆள். சுற்றுப்பிரகாரத்துக்கு வராட்டியும் மாதா கோவிக்க மாட்டா. கதவைச் சாத்திப்போட்டுப் படு."

அந்தக் கரிசனையைக் கேட்டு நேசம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாய் அவளுடைய ஆட்கள் யாரையும் படுக்கச் சொல்லாத மனிதர்.

காரணம் நாலு மணிக்கு ஒலிபெருக்கியில் வந்தது.

அந்த ஒழுங்கையில் மாதாவுக்கு யாரும் சும்மா கொடுப்பதில்லை. மெழுகுதிரி கொடுத்தாலும் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் மாதா இருட்டில் நிற்பாள். அந்த வருஷம் ஒழுங்கை முழுவதும் மின்குமிழ்ச் சரம், ஹெந்தளையிலிருந்து பாண்ட் வாத்தியம். இவ்வளவையும் தூக்கிப்போட்டவர் யாரென்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஹியூபேட்டின் அக்கா மகன் ஸ்ரான்லி மைக்கைப் பிடித்தான். குதிரைப் பந்தயப் பெட்டிங் கடையில் வேலை. மைக் கையில் வந்தால் பிரசங்கம் செய்கிற ஆயராகிவிடுவான்.

"இன்றைய மின்னொளி அலங்காரம் மற்றும் பாண்ட் வாத்தியம் உபயம்! மன்னார் மாவட்ட விவசாயி, நமது ஒழுங்கையின் மைந்தன், திருவாளர் ஹியூபேட் அவர்கள்! இந்தப் போகத்துக்குக் கிடைத்த உர மானியத்தை முதற்பலன் காணிக்கையாக அன்னையின் பாதத்தில்..."

முதற்பலன் காணிக்கை என்பது வயல்காரர்கள் தரும் காணிக்கை. கொழும்பில் அதைக் கொடுக்க ஆளில்லை. துறைமுகத்துக்காரர்கள் நிறைந்த ஒழுங்கையில் முதற்பலன் கொடுத்த ஒரே மனிதர் என்ற பெயருக்கு ஹியூபேட் பல மாதமாய் ஏங்கியிருந்தார். மச்சான் வந்திருக்கிறானே, இந்த வருஷம் வாசிக்காதே என்று ஸ்ரான்லியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. படுக்கச் சொன்னவன் படுத்திருப்பான் என்று நம்பினார்.

பேர்னாட் படுக்கவில்லை. மாதா திருநாளில் படுத்துக் கிடக்க அவன் என்ன வேதக்காரன் இல்லையா? கழுவி மடித்த வெள்ளைச் சட்டையோடு, கையில் மெழுகுதிரியோடு, நேசத்துக்குப் பக்கத்தில்தான் நின்றான்.

மெழுகுதிரியை ஊதி அணைத்தான். தமக்கையிடம் கொடுத்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தான். நேசம் "தம்பி" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை.

"அத்தான், காசு விழேல்லை எண்டனீங்கள்."

ஹியூபேட் தோளில் சிவப்புப் பட்டியோடு சுருவத்துக்கு முன்னால் நின்றார். "இது கதைக்கிற இடமா? மாதாவுக்கு முன்னால..."

"மாதாட்ட யூரியா இல்லை அத்தான். என்ர பயிர் சாகுது."

"உன்ர பயிரா? ஆற்ற காணியடா?"

"காணி அக்கான்ர. வேர்வை என்ர. நீங்கள் எதில விவசாயி?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் வினை. ஹியூபேட் ஓங்கி அறைந்தார். பேர்னாட்டின் முகம் ஒரு பக்கம் திரும்பியது. அவன் மறுபடியும் நேராகப் பார்த்தான். இரண்டாவது அறை காதோடு விழுந்தது. மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது பேர்னாட் அந்தக் கையைப் பிடித்து முறுக்கி, விவசாயியைத் தெருவில் முழங்காலில் இருத்தினான். பிறகு அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே தன் பயிருக்குப் போகவேண்டிய உரம் குமிழ் குமிழாகத் தொங்கியது. எட்டிச் சரத்தைப் பிடித்து இழுத்தான்.

குமிழ்கள் சீனவெடி போல வெடித்துச் சிதறின. பெண்கள் பிள்ளைகளைப் பாவாடைக்குள் இழுத்தார்கள். சுருவம் சுமந்தவர்கள் மாதாவைத் தெருவில் இறக்கிவைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டினார்கள். பாண்ட்காரர் மட்டும் வாசிப்பை நிறுத்தவில்லை. முழுக் காசும் வாங்கியாயிற்று, கணக்காய் வாசிக்கவேண்டும் அல்லவா?

ஸ்ரான்லி மைக்கை வைத்தான், மைக் தண்டை எடுத்தான். பின்னால் வந்து பேர்னாட்டின் காதுக்கு மேலே போட்டான். தேங்காய் பிளக்கிற சத்தம் ஒலிபெருக்கியில் ஒழுங்கை முழுவதும் கேட்டது. வெள்ளைச் சட்டை தோளிலிருந்து சிவந்துகொண்டு வந்தது. பேர்னாட் விழவில்லை. பந்தல் மூங்கில் ஒன்றை ஆட்டிப் பிடுங்கினான். பச்சை மூங்கில். ஸ்ரான்லியின் முழங்காலில் அது பட்டதும் ஆயர் அலறிக்கொண்டு சப்பாணியானார்.

ஒழுங்கை முடக்கில் கடை வைத்திருந்த றவூப் நானா விலக்குப் பிடிக்க ஓடிவந்தார். "என்னத்துக்கு இப்புடி செய்றீங்க மனுஷங்களே? பண்டிகையும் நாளுமா! அல்லாவுக்காக உடுங்க!" என்று நடுவில் நுழைந்தவருக்கு யாருடைய முழங்கையோ வாயில் இடித்தது. கட்டிய பல் செட்டு பறந்து சாக்கடைக் கானுக்குள் விழுந்தது. "பல்லு! என்ட பல்லு!" என்று நானா கானுக்குள் கை விட்டுத் துழாவ, அவருக்கு மேலாக ஹியூபேட் எழுந்து பேர்னாட்டின் விலாவில் உதைத்தார். விழுந்தவனை மறுபடி உதைத்தார். நேசம் குறுக்கே விழுந்து தம்பியின் தலையை மடியில் எடுத்திருக்காவிட்டால் மூன்றாவது உதை முகத்தில்தான்.

டெனிஷாவும் அவளும் இரு பக்கமும் பிடித்துப் பேர்னாட்டை வீட்டுக்குள் இழுத்து வந்தார்கள். நேசம் துவாயால் அவன் தலையை இறுக்கிக் கட்டினாள். துவாய் நனைந்தது. இன்னொன்று எடுத்தாள்.

"விடுங்கோ அக்கா. நான் பஸ் எடுக்கிறன்."

"இந்தத் தலையோட ஆர் உன்னை ஏத்துவான்? இரு."

ஹியூபேட் உள்ளே வந்தார். தோளில் பட்டி இல்லை, சட்டையில் பொத்தான் இல்லை, வாயில் மட்டும் எல்லாம் இருந்தது. "சனத்துக்கு முன்னால என்னை முழங்கால்ல இருத்தினவன் என்ர வீட்டில இருக்கிறான், அவனுக்கு நீ கட்டுப் போடுறாய்! டேய், இந்தப் போகத்தோட சரி. வரம்பில உன்ர கால் பட்டா வெட்டுவன். அடுத்த போகம் காணி வெள்ளவத்தைக்குப் போகுது."

பேர்னாட்டின் துவாய்க்குக் கீழே ஒரு கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் தன்னைப் பார்க்கும் என்று நேசம் காத்திருந்தாள். அது நிலத்தைப் பார்த்தது. அக்காவிடமும் கேட்கக்கூடாது என்று இருந்துவிட்டான். பாரை மீன் வெட்டிய நாள்களெல்லாம் அவளுக்குத் தொண்டையில் வந்து முள்ளாக நின்றன.

"நான் போய்ப் பதியிறன்" என்றாள்.

"எதை?"

"தம்பிட பேரை. குத்தகைக்காரன் எண்டு. மானியமும் அவன்ர கணக்குக்குப் போகட்டும்."

"அம்மா!" என்றாள் டெனிஷா.

நேசம் இரும்பு அலுமாரியைத் திறந்தாள். அடையாள அட்டை மேல் தட்டில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. கையை விட்டுத் துழாவியபோது ஹியூபேட் வந்து அலுமாரிக் கதவை உதைத்தார்.

கதவு அவளுடைய வலக்கை விரல்களில் மூடியது. ஹியூபேட் விலகவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார், துறைமுகத்தில் கொள்கலன் கதவைச் சாத்துவதுபோல.

"இப்ப வை கையெழுத்து! வையடி!"

விரல் எலும்பு முறிகிற சத்தம் சின்னச் சத்தம்தான். பயற்றங்காய் ஒடிப்பதுபோல. நேசத்தின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அலறியது டெனிஷாதான்.

பேர்னாட் எழுந்தான். தலையில் அத்தனை இரத்தம் போனவனுக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, பின்னாலிருந்து ஹியூபேட்டின் கழுத்தை முழங்கைக்குள் மடக்கிச் சுவரோடு சாத்தினான். கண்ணாடி போட்ட கலியாணப் படம் விழுந்து நொறுங்கியது. ஹியூபேட்டின் செருப்பில்லாத கால்கள் அந்தக் கண்ணாடியில் உழன்றன. முகம் சிவந்து, நீலம் பாரித்து, நாக்கு வெளியே வந்தது. "தம்பி, விடடா! செத்துப்போவார்!" என்று நேசம் கத்தினாள். அவனுக்குக் காது கேட்கிற நிலை இல்லை.

செத்தால் இவன் கொலைக் கேஸில் மறியலுக்குப் போவான். வயலும் போகும், தம்பியும் போவான், புருஷனும் போவார். நேசம் முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குசினிக்கு ஓடினாள். இடக்கையில் அகப்பட்டது தேங்காய்த் திருவலை. அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றவள், யாரை அடித்தால் இவர்கள் பிரிவார்கள் என்று ஒரு கணம் யோசித்தாள். அதிகம் யோசிக்கவில்லை.

திருவலைக் கட்டை ஹியூபேட்டின் தோள்பட்டையில் இறங்கியது. அவர் பேர்னாட்டின் பிடியிலிருந்து நழுவி, அரிசி மூட்டைபோலத் தரையில் விழுந்தார். பேர்னாட் கைகளை விரித்தபடி தமக்கையைப் பார்த்தான். அவள் இரண்டாம் முறை ஓங்கியிருந்தாள். டெனிஷா வந்து அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

பெரியாஸ்பத்திரிக்கு மூன்று பேரையும் ஒரே த்ரீவீலில் அடைத்துக்கொண்டு போனது றவூப் நானாவின் மருமகன். வாசல் பொலிஸ்காரர் "மொகத உனே?" என்று, என்ன நடந்ததென்று கேட்டார். பெண்சாதி அடித்துத் தோள் முறிந்தது என்று ஆண்பிள்ளை எப்படிச் சொல்வார்? லைற் போட ஏறினேன், ஏணி சரிந்துவிட்டது என்று ஹியூபேட் சிங்களத்தில் முனகினார். பேர்னாட்டைக் கேட்டார்கள். அவனும் ஏணி என்றான். நேசமும் ஏணியையே காட்டினாள். பொலிஸ்காரர் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அந்த ஏணி உயிரோட இருக்கா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

பேர்னாட்டுக்குத் தலையில் தையல். ஹியூபேட்டுக்குத் தோளில் கட்டு. நேசத்துக்கு மூன்று விரல் முறிவு. மணிக்கட்டுவரை மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு நாள் வைத்திருந்து விட்டார்கள்.

வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிக்கொண்டு வெளியேறிய காலை அவள் ஆண்கள் வாட்டுப் பக்கம் போனாள். உள்ளே போகவில்லை. வாசலிலேயே ஹியூபேட்டின் குரல் கேட்டது. பக்கத்தில் கால் நீட்டியிருந்த ஸ்ரான்லியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ர தோள் கிடக்கட்டும். அவள்ட கை ஆற ஆறு கிழமை செல்லும். இந்தக் கிழமையோட பதிவு மூடுறாங்கள். கையெழுத்தில்லாம அவள் என்னத்தைப் புடுங்குவாள்?"

"மாமாட மூளையே மூளை" என்றான் ஸ்ரான்லி.

நேசம் திரும்பினாள். டெனிஷா பையோடு வெளியே நின்றாள், கண் வீங்கி.

"மன்னாருக்கோ போறீங்கள்?"

"ஓம்."

"வெள்ளவத்தையில இருந்து கோல் எடுத்தவை. திருநாள் வீடியோவை எல்லாரும் பாத்திட்டினம். காணியும் இல்லையெண்டா அவை வரமாட்டினம் அம்மா. என்னை யோசிச்சீங்களா?"

"யோசிச்சுத்தான் இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தனான்."

"இப்ப?"

நேசம் மாவுக்கட்டைப் பார்த்தாள். "காணிக்காகக் கட்டிறவன் நாளைக்கு உன்ர கையையும் அலுமாரிக்குள்ள வைப்பான்."

டெனிஷா அடையாள அட்டை வைத்த பையைக் கொடுத்தாள், முத்தம் கொடுக்கவில்லை. பேர்னாட் காத்து நின்ற பஸ் ஸ்டாண்ட்வரை கூட வந்தாள்.

நானாட்டான் கமநல நிலையத்தில் அன்றைக்குச் சரியான சனம். தலையில் தையலோடு ஒருவன், கையில் மாவுக்கட்டோடு ஒருத்தி, இருவரும் வந்து நிற்க, வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழி விட்டார்கள். அடிபட்ட முகத்துக்கு எங்கேயும் ஒரு மரியாதை உண்டு.

மேசையிலிருந்த உத்தியோகத்தர் இளம்பிள்ளை. நேசத்தின் அடையாள அட்டையைப் பார்த்தாள், படிவத்தைத் திருப்பி வைத்தாள், பேனையை நீட்டினாள். பிறகுதான் கையைக் கண்டாள்.

"அம்மா, கை சுகமானாப் பிறகு வாங்கோவன்."

"அப்ப பதிவு மூடியிருக்கும் பிள்ளை. பெருவிரல் வைக்கலாம்தானே?"

"எழுதத் தெரியாத ஆக்களுக்குத்தான்... நீங்கள் படிச்ச ஆள் போல."

"எட்டாம் வகுப்புவரைக்கும் பிள்ளையளுக்குப் படிப்பிச்சனான். எழுதுற கையைத்தான் வீட்டில நசிச்சுப்போட்டினம்."

அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்ப் பெரியவரிடம் ஏதோ கேட்டாள். திரும்பி வந்தபோது கையில் நீல மைப் பெட்டி இருந்தது.

"ஒண்டு சொல்லோணும் அம்மா. பதிஞ்சா இவரை நினைச்சபடி எழுப்ப ஏலாது. விக்கிறதும் கஷ்டம். பிறகு வந்து எங்களோட சண்டை பிடிக்கக்கூடாது."

"அக்கா, வேண்டாம்" என்றான் பேர்னாட் மெல்ல. "டெனிஷாவுக்கு..."

நேசம் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடக்கைப் பெருவிரலை மையில் அழுத்தினாள். படிவத்தில் வைத்தாள். பழக்கமில்லாத விரல், முதல் தரம் வழுகித் தீற்றலாகப் போயிற்று. இன்னொரு படிவம் எடுத்தார்கள். இரண்டாம் முறை, கொழுக்கட்டைக்கு மா அமுக்குவதுபோலப் பலமாய் அமுக்கினாள். தோள்வரை வலித்தது. ரேகை ரேகையாய் விழுந்தது.

"மானியம் இந்தப் போகத்துக்கு வந்தது வந்ததுதான். அதுக்கு நாங்கள் ஒண்டும் செய்ய ஏலாது" என்றாள் அந்தப் பெண். "அடுத்த போகத்திலயிருந்து இவற்ற கணக்குக்கு வரும். யூரியாவுக்கு இந்தப் பதிவைக் காட்டினால் கமக்காரர் சங்கத்தில கடனுக்குக் குடுப்பினம். முழு வயலுக்கும் காணாது."

"பாதிக்குக் காணுமோ?"

"பாதிக்குக் காணும்."

பாதி பச்சை, பாதி மஞ்சள். நேசம் தலையாட்டினாள்.

"உங்கட வங்கிக் கணக்கு நம்பர்?" அந்தப் பெண் பேர்னாட்டைப் பார்த்துக் கேட்டாள்.

அவன் தையல் போட்ட தலையைக் குனிந்துகொண்டு, மேசை விளிம்பை இறுகப் பிடித்தபடி நின்றான்.

"சொல்லடா" என்றாள் நேசம், மை பிடித்த கையால் அவன் விலாவில் ஓர் இடி இடித்து. "நாக்கையும் கொழும்பிலயே விட்டிட்டு வந்தனியோ?"

இடித்த இடம் உதை வாங்கிய இடம். பேர்னாட் "ஆவ்" என்று நெளிந்தான். பிறகு ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லத் தொடங்கினான்.